தறி ஓடினால் நடுங்குகிற மானிட்டர்

பள்ளிபாளையத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். விசைத்தறிப் பட்டறையை ஒட்டிய ஆபீஸ். பழைய சிபியுவில் கணக்கு, புதிய சிபியுவில் ஜிஎஸ்டி, இ-வே பில், மெயில். பஞ்சு புகுந்து ஃபேன் இரண்டு தடவை நின்றுபோனதால் இரண்டு பெட்டிகளையும் பின்பக்கத்து நூல் ரூமுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். அங்கே ஒரு கேவிஎம் சுவிட்ச், அதாவது ஒரே மானிட்டர், கீபோர்டு, மவுஸை இரண்டு சிபியுவுக்கும் மாற்றி மாற்றிக் கொடுக்கும் பெட்டி. அதிலிருந்து சுவரோரமாக 10 மீட்டர் விஜிஏ கேபிள் வந்து, மேசைமேல் ஒரே ஒரு 22 இன்ச் மானிட்டரில் முடிகிறது. கீபோர்டும் மவுஸும் அதே சுவிட்ச் வழியாகத்தான். புதிய சிபியுவும் மானிட்டரும் யூபிஎஸ் லைனில் இருக்கின்றன. பழையது மட்டும் நூல் ரூமில் முன்பே இருந்த ஒரு சாக்கெட்டில். புதிய சிபியுவில் விஜிஏ கிடையாது என்பதால் எச்டிஎம்ஐயை விஜிஏவாக்கும் சின்ன கன்வெர்ட்டர் ஒன்றை மாட்டியிருக்கிறார்கள்.

"பழசுக்கு மாத்துனா படம் நடுங்குதுங்க. பட்டை பட்டையா ஓடுது. எழுத்துக்கு வலப்பக்கம் ரெண்டு மில்லிமீட்டர் தள்ளி ஒரு நெழலு உழுகுது. புதுசுல நடுக்கம் கம்மிதான், ஆனா ஒரு நாளைக்கு நாலஞ்சு தடவ இருட்டாகி மறுபடி வருது. மானிட்டரை மாத்துங்கன்னு கடையில சொல்றாங்க. மாத்தலாமுங்களா?"

மாத்த வேண்டாம் தம்பி. நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் இது ஒரு வியாதி இல்லை, மூன்று. மூன்றுக்கும் மானிட்டருக்கும் சம்பந்தம் இருக்கிற மாதிரி தெரியவில்லை. ஒரே திரையில் மூன்றும் தெரிவதால் பழி திரைமேல் விழுகிறது, அவ்வளவுதான்.

அதை முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். படம் நடுங்கிக்கொண்டிருக்கும்போதே மானிட்டரில் இருக்கும் மெனு பட்டனை அழுத்துங்கள். வெளிச்சம், கான்ட்ராஸ்ட் என்று ஒரு கட்டம் வரும். அந்தக் கட்டத்தை சிபியு அனுப்புவதில்லை, மானிட்டருக்குள் இருக்கும் போர்டே வரைகிறது. பின்னால் இருக்கும் படம் நடுங்க, மெனு மட்டும் ஆடாமல் நின்றால் பேனல், பேக்லைட், பவர் சப்ளை எல்லாம் நன்றாக இருக்கின்றன என்று வைத்துக்கொள்ளலாம். மெனுவும் சேர்ந்து துடித்தால், அல்லது கேபிளைக் கழற்றிய பிறகு வரும் 'நோ சிக்னல்' கட்டமே மினுங்கினால், அப்போது மானிட்டரைத் திறந்து கெப்பாசிட்டர் ஏதாவது உப்பியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். உங்கள் விஷயத்தில் அது வராது என்று நினைக்கிறேன். மானிட்டர் கெட்டிருந்தால் இரண்டு சிபியுவிலும் ஒரே மாதிரிதான் ஆடும்.

இனி அந்த நடுக்கம். மூன்றில் இதுதான் பெரியது, கொஞ்சம் ஆபத்தானதும் இதுதான்.

விஜிஏ என்பது 1987இல் ஐபிஎம் கொண்டுவந்த இணைப்பு. சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் மூன்று வயர்களில் மின்னழுத்தமாகவே வருகின்றன. முழுக் கறுப்புக்கு பூஜ்யம், முழு வெளிச்சத்துக்கு 0.7 வோல்ட். ஒரு டார்ச் செல்லில் பாதிகூட இல்லாத இந்த 0.7 வோல்ட்டுக்குள்தான் மொத்தப் படமும் அடங்க வேண்டும். அந்த வயர்களுக்குத் துணையாக வரும் தரை வயரில் ஒரு பத்தில் ஒரு பங்கு வோல்ட் ஏறி இறங்கினாலே கண்ணுக்குத் தெரிந்துவிடும். மானிட்டர் விநாடிக்கு 60 தடவை படம் வரைகிறது. ஈபி கரண்ட் விநாடிக்கு 50 சுற்று போகிறது. ஈபியின் அலை கொஞ்சம் சிக்னலுக்குள் கலந்தால் இரண்டுக்கும் உள்ள வித்தியாசமான 10 வெளியே தெரியும்: விநாடிக்குப் பத்துத் துடிப்பு. நீங்கள் நடுக்கம் என்பதும், ஓடுகிற பட்டை என்பதும் அதுதான்.

இதற்கு ஒரு சோதனை உண்டு. விண்டோஸில் டிஸ்ப்ளே செட்டிங்குக்குள் அட்வான்ஸ்டு டிஸ்ப்ளே போனால் ரெஃப்ரெஷ் ரேட் இருக்கும். 60ஐ 50 ஆக்கிப் பாருங்கள். நிறைய மானிட்டர்கள் ஏற்றுக்கொள்ளும். அந்தப் பட்டியலில் 50 வராவிட்டால் விட்டுவிடுங்கள். 50இல் வைத்ததும் நடுக்கம் அடங்கி, லேசான ஒரு நிழல் பட்டை மட்டும் நின்றோ, எறும்பு மாதிரி நகர்ந்தோ தெரிந்தால் சந்தேகமே இல்லை, உள்ளே வந்திருப்பது ஈபி. 2012இல் நம் பக்கம் பாதி நாள் கரண்ட் இல்லாமல் தவித்தோமே, அந்தச் சமயத்தில் குமாரபாளையத்தில், பாவு நூலுக்குக் கஞ்சி போடும் ஒரு சைசிங் ஆபீஸில் இப்படி 50 வைத்துப் பட்டையை நிறுத்தியிருந்தேன். திடீரென்று கரண்ட் போய் ஜெனரேட்டர் ஓட ஆரம்பித்தது. நின்றிருந்த பட்டை மெல்ல நகரத் தொடங்கியது. ஜெனரேட்டர் சரியாக 50இல் ஓடவில்லை, அதனால் பட்டையும் நிற்கவில்லை. ஓனர் என்னை மந்திரவாதி மாதிரி பார்த்தார். நடுக்கத்தைச் சரி செய்ய அதற்குப் பிறகும் இரண்டு மணி நேரம் ஆனது என்பது வேறு.

சரி, ஈபி அலை சிக்னலுக்குள் எப்படி வந்தது? "பக்கத்துல தறி மோட்டார் ஓடுது, அதான்" என்று எல்லோரும் சொல்வார்கள். அது பழைய கண்ணாடிக் குழாய் மானிட்டர் காலத்து பதில். அப்போது அது உண்மைதான். ஈரோட்டில் ஒரு துணிக்கடையில் பில்லிங் மானிட்டர் நாள் முழுக்க ஜன்னி வந்த மாதிரி ஆடும். மூன்று மானிட்டர் மாற்றிய பிறகு என்னைக் கூப்பிட்டார்கள். சுவருக்கு அந்தப் பக்கம் பெரிய ஸ்டெபிலைசர் ஒன்று உட்கார்ந்திருந்தது. அதன் காந்தப் புலம் குழாய்க்குள் ஓடும் எலக்ட்ரான் கற்றையை இழுத்துக்கொண்டிருந்தது. மேசையை நான்கடி தள்ளிப் போட்டதும் சரியாகிவிட்டது. இப்போதைய எல்இடி மானிட்டரில் அந்தக் கற்றையே கிடையாது. மோட்டார் பக்கத்தில் இருப்பதால் மட்டும் திரை ஆடாது. ஆட்டம் உள்ளே வர ஒரு வழி வேண்டும், அந்த வழி உங்கள் கேபிள்.

உங்கள் இணைப்பை இப்படிப் பாருங்கள். பழைய சிபியு ஒரு சாக்கெட்டில், மானிட்டர் வேறொரு லைனில். இரண்டுக்கும் தனித்தனி எர்த், அதுவும் இருந்தால். கேவிஎம் வழியாக விஜிஏ கேபிளின் தரை வயரும் மேலுறையும் இந்த இரண்டு பெட்டிகளின் இரும்பு உடம்பையும் சேர்த்துக் கட்டிவிட்டன. இரண்டு உடம்புக்கும் நடுவில் மின்னழுத்த வித்தியாசம் இருந்தால் அதற்கு ஓட ஒரு பாதை கிடைத்துவிட்டது. உங்கள் படமும் அதே பாதையில்தான் வந்தாக வேண்டும். பழையதைத் தேர்ந்தெடுத்தால் அதன் கேபிள், 10 மீட்டர் கேபிள் என்று இரண்டு துண்டிலும் இந்த அழுக்கு சேர்கிறது. புதியதைத் தேர்ந்தெடுத்தால் 10 மீட்டர் கேபிளில் இருப்பது மட்டும். "புதுசுல நடுக்கம் கம்மி" என்று நீங்கள் எழுதிய ஒரு வரிதான் என்னை இந்தப் பக்கம் திருப்பியது.

சரிபார்க்க ஐந்து நிமிடம் போதும். எல்லாவற்றையும் அணையுங்கள். பழைய சிபியுவிலிருந்து கேவிஎம்முக்குப் போகும் விஜிஏ, யூஎஸ்பி இரண்டையும் கழற்றுங்கள். யூஎஸ்பியை மறக்காதீர்கள், அதன் மேலுறையும் ஒரு தரை வயர்தான். இப்போது புதிய சிபியுவை மட்டும் போட்டுப் பாருங்கள். மிச்சமிருந்த அந்தக் கம்மி நடுக்கமும் போய்விட்டதென்றால், தேர்ந்தெடுக்காதபோதும் பழைய பெட்டிதான் புதியதன் படத்தையும் ஆட்டிக்கொண்டிருந்தது என்று அர்த்தம்.

அடுத்தது மல்டிமீட்டர். கையில் பழக்கம் இல்லையென்றால் வயர்மேனைக் கூப்பிட்டுக்கொள்ளுங்கள். கேபிள்கள் கழற்றிய நிலையில், பழைய சிபியுவின் பிளக் அதன் சாக்கெட்டிலேயே இருக்கட்டும். ஏசி வோல்ட்டில் வைத்து, சிபியுவின் பின்பக்கம் பெயின்ட் இல்லாத ஒரு ஸ்குருவுக்கும் யூபிஎஸ் சாக்கெட்டின் எர்த் துளைக்கும் நடுவில் அளந்து பாருங்கள். ஒரு வோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது. நூறை ஒட்டிக் காட்டினால் பயப்படாதீர்கள், ஆச்சரியமும் படாதீர்கள். நம் ஊர்ப் பழைய கட்டடங்களில் மூன்று துளை சாக்கெட் இருக்கும், மேல் துளைக்குப் பின்னால் வயரே இருக்காது. எர்த் வயர் மெயின் போர்டு வரை வந்திருக்கும், அதற்குமேல் இழுக்க அன்றைக்குக் காசு பார்த்திருப்பார்கள். சிபியுவின் எஸ்எம்பிஎஸ்ஸுக்குள், அதாவது அதன் பவர் சப்ளைக்குள், பேஸிலிருந்து ஒன்று, நியூட்ரலிலிருந்து ஒன்று என்று இரண்டு சின்ன கெப்பாசிட்டர்கள் இரும்பு உடம்போடு இணைந்திருக்கும். இரைச்சலை எர்த்துக்குள் இறக்குவது அவற்றின் வேலை. எர்த் இல்லாவிட்டால் உடம்பு 230இன் பாதியில், அதாவது சுமார் 115 வோல்ட்டில் மிதக்கும். சிபியுவைத் தொட்டால் "சுர்"ருனு இருக்கிறது என்பார்களே, டெஸ்டர் வைத்தால் மங்கலாக எரியும் என்பார்களே, அதெல்லாம் இதுதான். ஓடுகிற கரண்ட் மிகக் குறைவு, ஆளைத் தூக்கிப்போடாது. ஆனால் 0.7 வோல்ட் படத்துக்கு அது வெள்ளம்.

தறிப்பட்டறைகளில் மூன்று பேஸும் உள்ளே வருவதால் இன்னொரு கூத்தும் நடக்கும். ஒரு சாக்கெட் ஆர் பேஸ், இன்னொன்று ஒய் பேஸ், இரண்டிலும் எர்த் இல்லை என்றால் இரண்டு உடம்புக்கும் நடுவில் கிட்டத்தட்ட 200 வோல்ட் காட்டும். அந்த நிலையில் ஓடிக்கொண்டிருக்கும்போதே விஜிஏவையோ எச்டிஎம்ஐயையோ கழற்றி மாட்டினால் போர்ட் ஒரு நொடியில் செத்துப்போகலாம். என் கையாலேயே ஒன்று போயிருக்கிறது, வாடிக்கையாளர் கண் முன்னால். அன்றிலிருந்து பிளக்கைப் பிடுங்காமல் கேபிளைத் தொடுவதில்லை.

இதற்கு மருந்து எளிது. பழைய சிபியு, புதிய சிபியு, கேவிஎம்முக்கு அடாப்டர் இருந்தால் அது, மூன்றையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் சொருகி, மானிட்டர் போகும் அதே யூபிஎஸ் லைனிலிருந்து கரண்ட் கொடுங்கள். யூபிஎஸ் லைனின் எர்த் உண்மையிலேயே இருக்கிறதா என்பதையும் அளந்துகொள்ளுங்கள்: நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவில் இரண்டு மூன்று வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும், பேஸுக்கும் எர்த்துக்கும் நடுவில் 230ஐ ஒட்டி. யூபிஎஸ் தாங்குமா என்று யோசிப்பீர்கள். கணக்கு வேலை பார்க்கும் சிபியு ஒன்று நூறு வாட்டுக்குள்தான் எடுக்கும், மானிட்டர் முப்பது. 600 விஏ யூபிஎஸ் பெரும்பாலும் 360 வாட்தான் தரும், அதுவே தாங்கும். கரண்ட் போனால் கொஞ்சம் சீக்கிரம் கத்தும், அவ்வளவுதான்.

ஒன்றை மட்டும் செய்துவிடாதீர்கள். எர்த் பின்னை வெட்டிவிட்டால் நடுக்கம் நிற்கும் என்று யாராவது சொல்வார்கள். சில சமயம் நிற்கவும் நிற்கும், சுற்று அறுந்துவிடுவதால். ஆனால் நாளைக்கு எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் ஒரு வயர் விட்டுப்போய் உடம்பைத் தொட்டால், மெயின் போர்டில் தானாக விழ வேண்டிய எம்சிபி சுவிட்ச் விழாது, தொட்ட ஆள் விழுவார். பாவு நூலுக்குக் கஞ்சி போட்ட ஈரக் கையோடு பத்துப் பேர் நடமாடும் இடம். மூன்று பின்னை இரண்டாக்கித் தரும் அந்தச் சின்ன பிளக்கும் இதே கணக்குத்தான்.

எர்த் குழி எங்கே இருக்கிறதென்று தெரியுமா? பல பட்டறைகளில் அதன்மேல் நூல் மூட்டை அடுக்கியிருப்பார்கள். பங்குனி, சித்திரையில் நம் பக்கத்துச் செம்மண்ணும் சரளையும் காய்ந்து கெட்டியாகிவிடும், உப்பும் கரியும் போட்ட குழியாக இருந்தாலும் ஈரம் இல்லாவிட்டால் எர்த் சரியாகப் பிடிக்காது. வாரத்துக்கு இரண்டு குடம் தண்ணீர் ஊற்றச் சொல்லுங்கள். "மழைக் காலத்துல நல்லாத்தானுங்க இருந்துச்சு, வெயில் வந்ததும்தான் ஆட ஆரம்பிச்சுது" என்று யாராவது சொன்னால் நான் முதலில் கேட்பது இந்தக் குழியைப் பற்றித்தான்.

தறி மோட்டார் முழுக்க நிரபராதி என்றும் சொல்லிவிட முடியாது. சுவரோரம் கேபிள் வருகிறது என்றீர்கள். மோட்டார் வயர் போகும் அதே கேசிங் பட்டியில் விஜிஏவையும் திணித்திருந்தால் பத்து மீட்டரும் ஒட்டியே ஓடி இரைச்சலை வாங்கிக்கொள்ளும். ஒரு அடியாவது தள்ளிக் கொண்டுபோங்கள், குறுக்கே கடக்க வேண்டிய இடத்தில் நேர் குறுக்காகக் கடக்கட்டும். மிச்சக் கேபிளை வட்டமாகச் சுருட்டி மாட்டாதீர்கள், மடித்து மடித்துக் கட்டுங்கள். ஞாயிற்றுக்கிழமை தறி நின்றிருக்கும்போது ஒரு தடவை மானிட்டரைப் போட்டுப் பாருங்கள். அன்றைக்கும் அதே நடுக்கம் இருந்தால் எர்த். அன்றைக்கு அடங்கியிருந்தால் கேபிள் போகிற பாதையும் சேர்ந்த குற்றவாளி. தறியைக் கிளப்புகிற அந்த நொடியில் மட்டும் ஒரு வெட்டு வெட்டி நின்றுவிடுகிறது என்றால் அது வேறு: மோட்டார் கிளம்பும்போது ஓடுவதைப்போல் ஐந்தாறு மடங்கு கரண்ட் இழுக்கும், லைன் ஒரு கணம் தொங்கும். யூபிஎஸ் லைனுக்கு மாறியதும் அது தானே குறைந்துவிடும்.

இரண்டாவது வியாதி, அந்த நிழல். "ரெண்டு மில்லிமீட்டர் தள்ளி" என்று அளந்து எழுதியிருக்கிறீர்கள். ரொம்ப நல்ல காரியம் செய்தீர்கள், ஏனென்றால் அதை வைத்தே கோளாறு எங்கே இருக்கிறதென்று சொல்லிவிடலாம். விஜிஏ கேபிள் 75 ஓம் கணக்கில் செய்யப்பட்டது. நடுவில் எங்காவது அந்தக் கணக்கு மாறினால், கிணற்றுக்குள் கத்தினால் குரல் திரும்புகிற மாதிரி சிக்னலில் ஒரு பங்கு எதிரொலிக்கும். போய்த் திரும்பி வந்த அந்த எதிரொலி கொஞ்சம் தாமதமாகத் திரையில் விழும். திரையில் இடமிருந்து வலமாகத்தான் புள்ளி வரையப்படுகிறது, அதனால் தாமதம் என்றால் வலப்பக்கம். கேபிளில் சிக்னல் ஒரு மீட்டர் கடக்கச் சுமார் 5 நானோ விநாடி. 1920க்கு 1080, 60 ஹெர்ட்ஸில் புள்ளிகள் விநாடிக்கு 14.85 கோடி வீதம் வருகின்றன, அதாவது ஒரு புள்ளிக்கு 6.7 நானோ விநாடி. 22 இன்ச் என்று விற்கும் மானிட்டரில் ஒரு புள்ளி சுமார் கால் மில்லிமீட்டர். இரண்டு மில்லிமீட்டர் என்றால் எட்டுப் புள்ளி, சுமார் 54 நானோ விநாடி, போகவர 10 மீட்டரைவிடக் கொஞ்சம் அதிகம். அப்படியானால் எதிரொலி பிறக்கும் இடம் மானிட்டரிலிருந்து ஐந்து மீட்டர் சுமாரில் இருக்க வேண்டும்.

உங்கள் 10 மீட்டர் கேபிள் ஒரே கேபிள் இல்லை, இரண்டு 5 மீட்டர் கேபிளை நடுவில் ஒரு ஜாயின்ட் போட்டுச் சேர்த்தது. சரிதானே? நீங்கள் எழுதவில்லை, ஆனால் அந்த நிழல் அப்படித்தான் சொல்கிறது. போய்ப் பாருங்கள், பெரும்பாலும் கேசிங் பட்டிக்கு மேலே, கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருக்கும்.

ஜாயின்டை எடுத்துவிட்டு ஒரே நீளக் கேபிள் போடுங்கள். மலிவான, மெல்லிய கேபிள் வேண்டாம். நல்ல விஜிஏ கேபிளில் மூன்று நிறங்களுக்கும் தனித்தனி உறை போட்ட மூன்று வயர்கள் இருக்கும், தடிமனாக, மடக்கினால் எதிர்த்து நிற்கும். சிலவற்றில் '3+6' என்று மேலேயே அச்சடித்திருக்கும். மூன்று உறை வயர், அதோடு ஆறு சாதா வயர் என்று பொருள். '3+2' போன்ற மெல்லியவற்றில் மானிட்டர் தன் விவரத்தை சிபியுவுக்குச் சொல்லும் வயர்களே இருக்காது. 12, 15 ஆம் பின்கள் அதற்கானவை. அவை இல்லாவிட்டால், அல்லது கேவிஎம் அவற்றை மறுபக்கம் திருப்பியிருக்கும் நேரத்தில் சிபியு கிளம்பினால், என்ன மானிட்டர் என்று தெரியாமல் விண்டோஸ் 1024க்கு 768இல் போய் உட்கார்ந்துகொள்ளும், எழுத்தெல்லாம் மெழுகிவிட்டது போல் ஆகிவிடும். பழைய சிபியுவைப் போடும்போது கேவிஎம் அதன் பக்கம் இருக்கட்டும், அது ஒரு பழக்கம்தான். கேபிளின் இரண்டு திருகுகளையும் முறுக்கிவிடுங்கள். வேலைக்காரர்கள் தூசி தட்டும்போது பாதி கழன்ற விஜிஏவைவிட அதிகம் என்னை ஊர் ஊராக அலைய விட்டது எதுவும் இல்லை.

இதோடு சேர்ந்த ஒரு சின்னச் சங்கதி. விஜிஏ சிக்னலை மானிட்டர் எந்தக் கணத்தில் தொட்டு அளப்பது என்பதற்கு 'ஃபேஸ்' என்று ஒரு அமைப்பு உண்டு. கொஞ்சம் தப்பினாலும் எழுத்தின் ஓரம் மட்டும் மணல் கொட்டிய மாதிரி சலசலக்கும். மானிட்டரில் இருக்கும் 'ஆட்டோ' பட்டனை அழுத்தினால் அதுவே பார்த்துச் சரிசெய்துகொள்ளும். திரை முழுக்க எழுத்து நிறைந்த பக்கம் ஒன்று திறந்திருக்கும்போது அழுத்தினால் இன்னும் நன்றாகப் பிடிக்கும். ஆனால் பல மானிட்டர்கள் இந்த அமைப்பை ரெசல்யூஷன், ரெஃப்ரெஷ் ரேட்டுக்கு ஒன்று என்றுதான் ஞாபகம் வைத்துக்கொள்ளும். உங்கள் இரண்டு சிபியுவும் ஒரே கணக்கில் ஓடினால், ஒன்றுக்குப் பிடித்துவைத்த ஃபேஸ் மற்றதற்குப் பொருந்தாமல் போகும். "காலைல சரி பண்ணுனேன், மாத்தி மாத்திப் பாத்தா மறுபடி ஆடுது" என்கிற புலம்பலுக்குக் காரணம் இதுவாகத்தான் இருக்கும். ஒன்றை 60இலும், மானிட்டர் ஏற்றுக்கொண்டால் மற்றதை 75இலும் வைத்து, இரண்டிலும் ஒவ்வொரு தடவை ஆட்டோ அழுத்திவிட்டால் அது தனி, இது தனி என்று ஞாபகம் வைத்துக்கொள்ளும்.

மூன்றாவது, புதிய சிபியுவில் இருட்டாகி வருவது. இதில் நான் சந்தேகப்படுவது அந்தச் சின்ன கன்வெர்ட்டரை. எச்டிஎம்ஐ டிஜிட்டல், விஜிஏ அனலாக். நடுவில் ஒரு சிப் உட்கார்ந்து மொழிபெயர்க்கிறது. அந்தச் சிப்புக்குச் சாப்பாடு எச்டிஎம்ஐ போர்ட்டிலேயே வரும் 5 வோல்ட்தான், அதில் போர்ட் கட்டாயம் தர வேண்டியது வெறும் 55 மில்லி ஆம்பியர். பெரும்பாலான போர்ட்டுகள் தாராளமாகத் தரும், சில கஞ்சத்தனம் செய்யும். மூடிய நூல் ரூமின் வெக்கையும் சேர்ந்தால் கன்வெர்ட்டர் ஒரு கணம் மயங்கி எழுந்திருக்கும், திரை இருண்டு திரும்பும். இருட்டான உடனே போய்த் தொட்டுப் பாருங்கள், கை பொறுக்காத சூடா? பக்கவாட்டில் தனியாக யூஎஸ்பி பவர் கொடுக்க ஓட்டை இருக்கும் கன்வெர்ட்டர்கள் உண்டு, அதில் ஒன்று வாங்கினால் தீரும். கேவிஎம்முக்கும் இதே நோய் வரலாம். அடாப்டர் இல்லாமல் யூஎஸ்பியிலிருந்தே பிழைக்கும் மலிவு சுவிட்ச் என்றால், அதன் முதுகில் 5 வோல்ட் ஓட்டை இருக்கிறதா என்று பாருங்கள்.

ஆனால் கன்வெர்ட்டர் வாங்க நான் சொல்ல மாட்டேன். உங்கள் மானிட்டரின் பின்பக்கம் குனிந்து பாருங்கள். இந்த அளவு மானிட்டர்களில் விஜிஏவுக்குப் பக்கத்தில் எச்டிஎம்ஐ ஓட்டையும் பெரும்பாலும் இருக்கும். இருந்தால் புதிய சிபியுவிலிருந்து நேராக எச்டிஎம்ஐ கேபிள், பழையதிலிருந்து நேராக விஜிஏ கேபிள், இரண்டையும் மானிட்டரில் மாட்டிவிடுங்கள். படத்தை மானிட்டரின் இன்புட் பட்டனில் மாற்றிக்கொள்ளலாம். கேவிஎம் கீபோர்டு, மவுஸுக்கு மட்டும் இருக்கட்டும். இரண்டு பட்டன் அழுத்த வேண்டும், அது ஒரு இடைஞ்சல்தான், ஆனால் கன்வெர்ட்டரும் வேண்டாம், கேவிஎம்முக்குள் படம் போய்வரவும் வேண்டாம். 10 மீட்டர் எச்டிஎம்ஐ என்றால் தடித்த கேபிளாகப் பாருங்கள், இந்த ரெசல்யூஷனுக்கு அது தாராளம். டிஜிட்டல் கேபிள் கெட்டால் நடுங்காது, நிழலும் விழாது. வெள்ளைப் புள்ளிகள் மின்மினி மாதிரி சிதறும், இல்லையென்றால் மொத்தமாக இருண்டுவிடும். எந்தக் கேபிளைச் சந்தேகப்படுவது என்பது பார்த்தவுடன் தெரிந்துவிடும்.

இன்னொரு வழியும் இருக்கிறது, என்னைக் கேட்டால் உங்களுக்கு அதுதான் சரி. பழைய சிபியுவில் விண்டோஸ் புரோ இருக்கிறதா? இருந்தால் இரண்டு சிபியுவையும் ஒரு லேன் கேபிளில் இணைத்து, புதியதிலிருந்து ரிமோட் டெஸ்க்டாப் வழியாகப் பழையதைத் திறந்துகொள்ளுங்கள். கணக்கு ஒரு ஜன்னலில் ஓடும், இ-வே பில் இன்னொன்றில். பழையதற்கு மானிட்டரே வேண்டாம், கீபோர்டே வேண்டாம், கேவிஎம்மும் வேண்டாம். லேன் போர்ட் ஒவ்வொன்றின் உள்ளேயும் குட்டி டிரான்ஸ்ஃபார்மர்கள் இருப்பதால் இரண்டு பெட்டிகளின் உடம்பும் அந்த வழியாக ஒட்டாது. மேலே தகரத்தாள் சுற்றாத சாதா லேன் கேபிளாக வாங்குங்கள். 100 மீட்டர் வரை தாங்கும், தறிக்கூடத்தின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கே இழுக்கலாம். விண்டோஸ் ஹோம் பதிப்பை இப்படி வெளியிலிருந்து திறக்க முடியாது, அது ஒன்றுதான் தடை.

எந்த வழி போனாலும் பழைய சிபியுவின் பிளக்கை மாற்றுவதை இன்றைக்கே செய்துவிடுங்கள், அதற்குக் காசு செலவில்லை. நூல் ரூமில் காலியாகும் அந்தப் பழைய சாக்கெட்டில் எர்த் இல்லை என்று மீட்டரில் தெரிந்தால், வயர்மேன் வந்து சரிசெய்கிற வரைக்கும் அதில் இரும்பு உடம்புள்ள எதையும் சொருக விடாதீர்கள். பெட்டிகள் வைத்திருக்கும் ரூமிலும் பஞ்சு வராமல் இருக்காது. வாரம் ஒரு நாள், எல்லாம் அணைத்த பிறகு, பின்பக்க ஃபேனில் படிந்ததைப் பிரஷ்ஷால் தட்டிவிடச் சொல்லுங்கள். ஊடை நூலைத் தார்க்குச்சியில் சுற்றும் மிஷினுக்கு அடிக்கும் காற்றுக் குழாயைக் கொண்டுவந்து அடிக்க வேண்டாம். அதில் எண்ணெயும் தண்ணீரும் கலந்து வரும், போர்டில் பஞ்சு பசையாகப் பிடித்துக்கொள்ளும்.

மீட்டர் அளவு மூன்றையும் குறித்து அனுப்புங்கள் தம்பி: சிபியு உடம்புக்கும் யூபிஎஸ் எர்த்துக்கும், யூபிஎஸ்ஸில் நியூட்ரலுக்கும் எர்த்துக்கும், பேஸுக்கும் எர்த்துக்கும். கேபிள் நடுவில் ஜாயின்ட் இருந்ததா என்பதையும் எழுதுங்கள்.